அரை அங்குலம் எங்கே போனது?

ஜெல்லி ரோல் (ஒரே அகலத்தில் வெட்டிச் சுருட்டி விற்கும் துணிப் பட்டைகளின் கட்டு) பட்டைகளை வைத்து ஒரு குயில்ட், அதாவது துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் 2½ அங்குல அகலம். எட்டுப் பட்டைகளை ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்து இணைத்தால் 16½ அங்குலம் வரவேண்டும். எனக்கு வந்தது 16.

மூன்று நாள் இதிலேயே போனது. ஊசியை மாற்றினேன், நூல் இறுக்கத்தைக் குறைத்தேன். ஒரு பட்டையை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்துப் பார்த்தேன். வில்லாக வளைந்திருந்தது நேரானது, அகலம் மட்டும் அப்படியேதான். தையல் மடிப்பு பிரியாமல் இருக்கிறதோ என்று இஸ்திரியும் போட்டாயிற்று.

கடைசியில் தைக்காத ஒரு பட்டையை ஸ்கேலில் வைத்தேன். ஓரம் நூல் பிரியாமலிருக்க ரம்பப்பல் போல வெட்டப்பட்டிருக்கும் அல்லவா? இந்தத் துணிக்கட்டில் 2½ அங்குலம் என்பது பல்லின் முனையிலிருந்து எதிர்முனை வரை. நானோ பள்ளத்தை மெஷினின் கால் அங்குலக் கோட்டில் வைத்துத் தைத்திருக்கிறேன். ஒரு தையலில் குறைவது கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஏழு தையலில் அரை அங்குலம்!

முனையைக் கோட்டில் வைத்துத் தைத்தேன், சரியாக 16½. அப்பாடா! சில கட்டுகளில் அளவு பள்ளத்திலிருந்து பள்ளம் வரை இருக்கும். அதனால் புதுக் கட்டைப் பிரித்ததும் முதலில் ஸ்கேலை எடுங்கள்.