சட்ட வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி: கிளினிக் ஊழியர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் செவிலியர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு "உப்பைக் குறையுங்கள்" என்று அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்தது. சமையலறை உப்பை அவர்கள் குறைப்பார்கள். கடை ரொட்டிக்குள் இருப்பதை யார் எடுப்பது? ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' (bunny chow) ஒன்றுக்கே கால் ரொட்டி போகிற ஊர் டர்பன். 2013இல் வந்த விதிமுறைதான் ரொட்டிக்கு வரம்பு வைத்தது: 100 கிராமுக்கு 2016 முதல் 400 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருப்பது), 2019 முதல் 380. இப்படி ஒரு விதி வரைவாக வரும்போதே கருத்து எழுதி அனுப்புவதுதான் மீதிப் பாதி வேலை.

வரைவு வந்திருக்கிறதா என்று அரசிதழில் பாருங்கள். கருத்து அனுப்பக் கடைசி நாளைக் குறித்துக்கொண்டு முழு வரைவையும் படியுங்கள். செய்தித்தாள் சுருக்கம் போதாது. எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்கு மாற்று என்ன என்று எழுதுங்கள். "மக்கள் நலன் கருதி ஆவன செய்யவும்" என்பதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதையும் திருத்த முடியாது. அடித்துவிடுங்கள்.

கிளினிக் பதிவேட்டு எண்ணிக்கை தேவையென்றால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நோயாளியின் பெயர், தெரு, கோயில் எதுவும் வேண்டாம்; இங்கே யாருக்கு யார் உறவு என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு ஊழியர் என்றால் சொந்தக் கருத்து என்று குறிப்பிடுங்கள். துறையின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளைத் தொடாதீர்கள். சோடியக் கணக்கை 2.5ஆல் பெருக்கி உப்பாகச் சொல்லுங்கள். 380 மில்லிகிராம் என்றால் நாடாளுமன்ற உறுப்பினர் விழிப்பார். கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு என்றால் புரியும்.

எதிர்வாதத்தை நீங்களே எழுப்பிப் பதில் சொல்லிவிடுங்கள். 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது: 100 மில்லிலிட்டரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட். அதற்கு முன் ஓயாமல் கேட்டது, வேலை போய்விடும் என்ற வாதம். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேற்றி வரப்பட்டவர்களின் வாரிசுகள்தானே நம்மில் பலர்? வேலைக்கு என்ன வழி என்று ஒரு பத்தியாவது இருக்கட்டும்.

யார் படிக்கப்போகிறார்கள் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. மக்கள் பங்கேற்புக்கு வழிசெய்வது நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் கடமை என்கின்றன அரசியலமைப்பின் 59, 72ஆம் பிரிவுகள். சரியாகக் கருத்துக் கேட்காமல் நிறைவேற்றிய இரண்டு சுகாதாரச் சட்டங்களை 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது.

நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பும் மனுவின் கடைசியில், "நேரிலும் பேச விரும்புகிறேன்" என்று சேருங்கள். கேட்காதவர்களைப் பெரும்பாலும் அழைப்பதில்லை.