ஒரு நோட்டும் ஒரு பேனாவும்: மார்பகப் புற்றுநோயாளிக்கு உடனிருப்பது எப்படி

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான அன்று வீட்டுக்கு வந்த எல்லோரும் அவளுக்குத் தைரியம் சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்றார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "டாக்டர் கடைசியில் என்ன சொன்னார்? எனக்கு ஒன்றுமே காதில் ஏறவில்லை." எனக்கும் ஏறவில்லை. அரைமணி நேரம் பொறுமையாக விளக்கியிருந்தார். முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவர் பேசிய எதுவும் எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். அடுத்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த வேலைகளில் உருப்படியானவை எல்லாம் அந்த நோட்டிலிருந்து தொடங்கியவைதான். உங்கள் வீட்டிலும் இந்த நோய் வந்திருந்தால், உடனிருக்கப்போகும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன், இன்னும் நோய் என்று உறுதியாகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா அந்தக் கட்டியை நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் இரவு என் விரல்களைப் பிடித்துத் தன் மார்பின் மேற்புறத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே வைத்தாள். பாதிக் கோலிக்குண்டு அளவில், அழுத்தினால் நகராமல் ஏதோ இருந்தது. "வலிக்கவில்லையே, அதனால்தான் விட்டுவிட்டேன்" என்றாள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கட்டி மட்டுமல்ல, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, அதிலிருந்து இரத்தம் கசிவது, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது; மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்துதான் சொல்ல முடியும். மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்ன என்பது தெரிந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. அந்த 60 நாளை உங்கள் காலண்டரில் குறித்துவையுங்கள். முடிவு வரத் தாமதமானால் நீங்களே போய்க் கேளுங்கள்.

"நம் குடும்பத்தில் யாருக்குமே இல்லையே" என்று அக்கா மாய்ந்து மாய்ந்து சொன்னாள், ஏதோ தவறு செய்துவிட்டவள் போல. இந்த நோய் வரும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை. மரபணு வழியாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். "ஏன் வந்தது" என்று யாராவது துருவ ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

இனி நோட்டு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். கேள்விகளை மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின இரவே நோயாளியோடு உட்கார்ந்து, அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். நோய் எந்த நிலையில்? கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) உள்ளனவா, ஹெர்2 (செல் வளரத் தூண்டும் புரதம்) சோதனையில் என்ன முடிவு? முதலில் அறுவைச் சிகிச்சையா, கீமோவா? மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா? நள்ளிரவில் ஏதாவது என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது? மருத்துவர் பதில் சொல்லும்போது நீங்கள் எழுத வேண்டும், நோயாளி காது கொடுத்துக் கேட்க வேண்டும். எழுதியதை அறையைவிட்டு எழுவதற்கு முன் மருத்துவரிடமே வாசித்துக் காட்டுங்கள். நான் அப்படி வாசித்தபோது இரண்டு முறை திருத்தினார்.

அறுவைச் சிகிச்சை பற்றிய முடிவில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. மார்பகம் முழுவதையும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்று உறவினர் பலர் நம்பினார்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் பெற்ற பெண்களுக்கும், மார்பகத்தை முழுதாக எடுத்த பெண்களுக்கும் உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை என்று அவை காட்டின. அக்காவுக்கு ஒரே மார்பில் இரண்டு இடங்களில் கட்டி இருந்ததால் முழுதாக எடுப்பதே நல்லது என்று மருத்துவர் சொன்னார். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, சரி என்றாள். அந்த இரண்டு நாளும் யாரும் அவளை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டதுதான் என் பங்கு.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது, உள்ளே ஊறும் நீரை வெளியேற்ற அவள் விலாவிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொங்கியது. முனையில் உள்ளங்கை அளவு குப்பி. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் முதல் முறை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பழகிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலுக்கு அருகே குழாயை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரல்களால் மேலிருந்து கீழாக மெதுவாக உருவிவிடுங்கள். உள்ளே கட்டிய இரத்தம் இறங்கிவிடும். குப்பியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். பிறகு குப்பியை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால் அது மறுபடி உறிஞ்சத் தொடங்கும். எங்கள் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: 110, சிவப்பு. 90, சிவப்பு. 70, இளஞ்சிவப்பு. 45, மஞ்சள் கலந்தது. 25, வெளிர் மஞ்சள். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். எண்கள் குறையக் குறைய அக்காவே காலையில் "இன்று எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தாள். திடீரென்று அளவு கூடினாலோ, மறுபடி நல்ல சிவப்பானாலோ, நாற்றம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குத் தோள் இறுகிவிடும். மருத்துவர் அனுமதித்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சியைத் தினமும் செய்ய வைத்தார்கள். விரல் எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சில நாள் புதுக்கோடு பழைய கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அப்போது ஒன்றும் சொல்லாமல் அதையும் போட்டுவிடுங்கள். ஏழாவது வாரம் அவள் விரல் என் தலைக்கு மேலே இருந்த ஆணியைத் தொட்டது. அன்று இருவரும் அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்து அழுதோம்.

முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையை எப்போதும் கவனியுங்கள். மோதிரம் இறுகுவது, சட்டைக்கை பிடிப்பது, கை கனப்பதாகச் சொல்வது நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். சீக்கிரம் காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது. அந்தக் கையில் ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் செவிலியரிடம் அதைச் சொல்வது என் வேலை.

கீமோவில் முடி கொட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், சிகிச்சை முடிந்தபின் வளரும். உடனிருப்பவர் அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கு. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் எட்டினால் அது அவசரநிலை. விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மருத்துவமனையைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்கவும் கூடாது. கிருமித்தொற்று உள்ளே இருக்க, வெப்பம் மட்டும் இறங்கி நம்மை ஏமாற்றிவிடும். இரண்டாவது சுற்றின் பத்தாம் நாள் இரவு ஒன்றேகாலுக்கு அக்காவுக்கு 101 காட்டியது. "காலையில் பார்க்கலாம், உன் தூக்கம் கெடும்" என்றாள். பை ஏற்கெனவே தயாராக இருந்ததால் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். ஆறு நாள் ஊசி மருந்து போட்டு அனுப்பினார்கள். தெர்மாமீட்டர், மருத்துவக் கோப்பின் நகல், ஒரு மாற்றுடை, போன் சார்ஜர் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்துவிடுங்கள்.

பார்க்க வருபவர்களை வரவேற்பதும் வழியனுப்புவதும் உங்கள் கையில் இருக்கட்டும். தமக்குத் தெரிந்த யாரோ இதே நோயில் இறந்த கதையை அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னவர்கள் உண்டு. அவர்களை எழுப்பி அடுத்த அறைக்கு அழைத்துப்போக எனக்குச் சங்கடமாக இருக்கவில்லை. "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், இந்தத் துணிகளைத் துவைத்துத் தர வேண்டும். பெரும்பாலோர் மனதாரச் செய்வார்கள்.

கதிர்வீச்சு முடிந்த அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். அக்காவுக்கு மிகக் கடினமான நாட்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. வாராவாரம் யாரோ ஒரு மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தது நின்று, அவள் தனியாக விடப்பட்டவள் போல உணர்ந்தாள். இந்த மாதங்களில் விலகிவிடாதீர்கள். கட்டியில் ஹார்மோன் ஏற்பி இருப்பவர்களுக்கு, ஹார்மோனைத் தடுக்கும் தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. உடல் கொதிப்பதும் மூட்டு வலிப்பதும் இத்தகைய மருந்துகளால் இருக்கலாம். தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வையுங்கள். தினமும் சேர்ந்து நடங்கள், களைப்பு குறையும். பரிசோதனைக்கு முந்தைய வாரம் நோயாளி எரிந்து விழுந்தால், அது பயம் என்று புரிந்துகொள்ளுங்கள். தழும்பில் புதுக் கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல் என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். கூடப்பிறந்தவர்களும் மகள்களும் தங்கள் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நான் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கட்டத்தில் நோட்டை நோயாளியிடமே கொடுத்துவிட வேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்தும் மருத்துவரின் கேள்விகளுக்கு அவளை முந்திக்கொண்டு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அக்கா கையை நீட்டி, "கொடு, இனி நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாள். நான்காவது ஆண்டுப் பரிசோதனை போன மாதம் முடிந்தது. கேள்விகளை அவளே எழுதி, அவளே கேட்டு, அவளே குறித்துக்கொண்டாள். நான் காத்திருப்பு அறையில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.