வளர்ப்பு ஆமை வாய் வைக்கக் கூடாத செடிகள்

நில ஆமை பச்சையாகத் தெரியும் எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால், நச்சுச் செடியை அது தானாகவே ஒதுக்கிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. முதலில் கவனிக்க வேண்டியது அரளி. இலை, பூ, தண்டு, காய்ந்த சருகு என அதன் எல்லாப் பாகங்களிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருப்பதால், வேலிக்கு அப்பால் நிற்கும் அரளியிலிருந்து காற்றில் வந்து விழும் ஒற்றை இலையைக்கூடப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். எருக்கும் இதே வகைதான்.

வீட்டுக்குள் அழகுக்காக வளர்க்கும் மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா போன்றவை வேறு விதமாகத் தாக்குகின்றன. அவற்றின் இலைகளில் ஊசி வடிவிலான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தவுடன் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதால் வாய் எரிந்து வீங்கும், எச்சில் வடியும், ஆமை தீனியைத் தொடாது. உண்ணிச்செடி, தக்காளி மற்றும் உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள், அவகேடோ இலை ஆகியவற்றையும் தவிர்க்கவும்.

பாலக்கீரை நஞ்சு அன்று. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், கால்சியம் உடலில் சேர்வதைத் தடுப்பதால், ஓட்டின் உறுதிக்குக் கால்சியத்தையே நம்பியிருக்கும் ஆமைக்கு அதை அன்றாட உணவாக்குவது சரியல்ல.

ஆமை ஏதேனும் நச்சுச் செடியைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், அந்தச் செடியின் கிளை ஒன்றையும் ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.