பிரான்சைஸ் கடைக்கு உள்வாடகை: கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

சில பிராண்டு கம்பெனிகள் கடை இடத்தைத் தாங்களே வாடகைக்கு எடுத்து, பிரான்சைஸ் (அந்த பிராண்டு பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுப்பவருக்கு உள்வாடகைக்கு விடுகின்றன. மெக்டொனால்ட்ஸ் 1956லேயே இதற்கென்று தனி நிறுவனம் தொடங்கியது. நடத்துபவர் மாறினாலும் இடம் கைவிட்டுப் போகாது என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு கடை எடுப்பவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. மூல ஒப்பந்தம்

கட்டட உரிமையாளரும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் வாடகைத் தொகையை மட்டும் மறைத்துத் தரச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கம்பெனி வாடகை பாக்கி வைத்து, அதனால் அதன் குத்தகை பறிபோனால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் (1882) 115ஆம் பிரிவின்படி உங்கள் உள்குத்தகையும் பொதுவாகச் சேர்ந்தே போய்விடும். நீங்கள் மாதாமாதம் தவறாமல் கட்டியிருந்தாலும் இதே கதிதான். அதனால் இரண்டு ஷரத்துகளை எழுதி வாங்குங்கள்: கம்பெனிக்கு உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸின் நகல் உங்களுக்கும் வர வேண்டும், பாக்கியை நீங்களே உரிமையாளரிடம் கட்டி, உங்கள் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

2. உரிமையாளர் சம்மதம்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக் கூடாது. "ஓனர் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்ற பேச்சு போதாது. மேலே சொன்ன இரண்டு ஷரத்துகளிலும் அவர் கையெழுத்து இருந்தால்தான் அவை அவரைக் கட்டுப்படுத்தும்.

3. காலம்

மூலக் குத்தகை முடிவதற்கு ஒரு நாளாவது முன்னால் உங்களுடையது முடிய வேண்டும். பிரான்சைஸ் ஒன்பது வருஷம், இடம் ஐந்து வருஷம் என்றிருந்தால் மீதி நான்கு வருஷத்துக்கு என்ன வழி என்று அங்கேயே கேளுங்கள். பிரான்சைஸ் ரத்தானால் கடையையும் காலி செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்போது இன்டீரியர் யாருக்கு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதுங்கள்.

4. வாடகையும் வரியும்

கம்பெனி போடும் வாடகை பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். துணிக்கடை என்றால் பெரும்பாலும் அதை வரவு எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் 5 சதவீத ஜிஎஸ்டி வாங்கும் உணவகத்துக்கு அந்த வசதி இல்லை, முழுவதும் கைச்செலவு. லாபக் கணக்கில் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

5. பதிவு

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவை மிச்சப்படுத்த 11 மாத ஒப்பந்தம் போடலாம் என்பார்கள். லட்சக்கணக்கில் இன்டீரியர் போடும் கடைக்கு அதை ஏற்காதீர்கள்.