சிவப்பு விளக்குத் தெருவுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது

பயணக் குழுக்களை வெளிநாடுகளுக்கு அழைத்துப் போவது என் வேலை. எந்த ஊரானாலும் இரண்டாம் நாள் யாராவது ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்தி, “மேடம், அந்தத் தெரு எங்கே இருக்கு?” என்று கேட்பார்கள். ஆண்களும் கேட்பார்கள், பெண்களும் கேட்பார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வழி சொல்வேன். அதற்கு முன் கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பேசிவிடுவேன்.

முதலில் போன். தெருமுனைக்கு வருவதற்கு முன்பே அதை உள்பையில் போட்டுவிடுங்கள். கையில் இருந்தால் தானாக மேலே போகும். ஆம்ஸ்டர்டாமின் சிவப்பு விளக்குப் பகுதியான டி வாலனில், பெண்கள் தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல்களுக்குள் இருந்து தொழில் செய்வார்கள். அங்கே ஒரு மாலை, எங்கள் குழுவில் ஒருவர் ஒரு ஜன்னலை நோக்கிப் போனைத் தூக்கினார். உள்ளே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து குவளையில் ஏதோ குடித்துக்கொண்டிருந்த பெண், குவளையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். சந்தே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி சிவப்புத் திரை மூடியது. பத்து நிமிடம் நின்று பார்த்தேன், திறக்கவில்லை. அந்த ஜன்னல்களை அந்தப் பெண்கள் ஷிப்ட் கணக்கில் சொந்தக் காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிறார்கள். திரை மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம். அதைவிடப் பெரிய விஷயம், என்ன வேலை செய்கிறோம் என்பதை வீட்டில் சொல்லாதவர்கள் பலர். ஒரே ஒரு படம் போதும், ஒரு குடும்பம் குலைந்துபோக. வீடியோ கால் பேசிக்கொண்டே நடப்பதும் படம் எடுப்பதுதான்.

கூட்டமாகப் போகாதீர்கள். ஜன்னல்களைக் கடந்து வழிகாட்டிகள் குழுக்களைக் கூட்டிப்போவதை ஆம்ஸ்டர்டாம் 2020-இல் தடை செய்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முப்பது பேர் வாசலை மறித்து நின்றால் எந்தத் தொழில்தான் நடக்கும்? இரண்டு இரண்டு பேராக நடங்கள். விரல் நீட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம், விளையாட்டுக்கு விலை கேட்கவே வேண்டாம். கண்ணுக்குக் கண் பார்க்க நேர்ந்தால் ஒரு தலையசைப்பு, அப்புறம் நடையைக் கட்டுங்கள்.

சட்டத்தை விளக்கின் நிறத்தை வைத்து எடைபோடாதீர்கள். நெதர்லாந்து 2000-இல் பாலியல் தொழில் விடுதிகள் மீதான தடையை நீக்கியது. நியூசிலாந்து 2003-இல் இந்தத் தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஸ்வீடனில் 1999 முதலும் பிரான்சில் 2016 முதலும் காசு கொடுத்துப் போகிறவர்தான் குற்றவாளி. பாங்காக்கின் பட்பொங்கில் நியான் விளக்குகள் பளபளக்கும், ஆனால் தாய்லாந்துச் சட்டப்படி அது குற்றம்.

ஹாம்பர்கில் ஹெர்பர்ட்ஸ்ட்ராசே என்று ஒரு சின்னத் தெரு. இரு முனையிலும் இரும்புத் தடுப்பு, 1933-இல் வைத்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும் பெண்களும் வரக் கூடாது என்று பலகை இருக்கும். நான் வெளியிலேயே நின்றுகொள்வேன். அங்கே வேலை செய்கிறவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டோக்கியோவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் கவலை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், கபுகி என்ற ஜப்பானிய நாடகத்துக்கு அரங்கம் கட்டுவதாகத் திட்டமிட்டு அந்தப் பெயரை வைத்தார்கள். அரங்கம் வரவில்லை, பெயர் நின்றுவிட்டது. தெருவில் சிரித்துப் பேசி அழைக்கும் ஆளின் பின்னால் போகவே கூடாது. உள்ளே போனபின் வரும் பில் தலையைச் சுற்றவைக்கும். ஆள்பிடிப்பவர்களை நம்பாதீர்கள் என்று அங்கே ஒலிபெருக்கியிலேயே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியையும் மும்பையின் காமாட்டிபுராவையும் சுற்றிப் பார்க்க நான் யாருக்கும் வழி சொல்வதில்லை. அங்கே தொழில் நடக்கும் அதே வீட்டில்தான் சமையல், அதே வாசலில்தான் பிள்ளைகளின் பள்ளிப்பை. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது சுற்றுலா ஆகாது. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், சோனாகாச்சியின் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் துர்பார் அமைப்பைப் பற்றிப் படியுங்கள். 1995-இல் தொடங்கியது. பிள்ளைகளின் படிப்பு, ஆணுறை, சேமிப்பு என்று அவர்கள் கட்டியெழுப்பியது நிறைய.

ஒரு பெண் வற்புறுத்தப்படுகிறார் என்றோ, வயது குறைந்தவர் என்றோ தோன்றினால் நீங்களே போய் விசாரிக்காதீர்கள். நீங்கள் நகர்ந்தபின் அடி அவருக்கு விழும். தெருப் பெயர், கதவு எண், நேரம் இவற்றை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் காவல்துறையை அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் எண் 112.

போனைத் தூக்கிய அந்த மனிதர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவரை அதே பகுதியிலுள்ள அவுட கெர்க் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். நகரத்திலேயே மிகப் பழைய கட்டடம் அது. அதன் முன்னால் வாசற்படியில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை, பெயர் பெல். உலகெங்கும் உள்ள பாலியல் தொழிலாளர்களை மதியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். முன்பு அந்தத் தொழிலில் இருந்த மரிஸ்கா மயோர் முயன்று 2007-இல் வைக்கச் செய்தது. “இதை எடுக்கலாமா?” என்று கேட்டார். எடுங்கள் என்றேன்.