கார் ரிமோட் திறப்பில் நாங்கள் விடும் பிழைகள்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். காரை எங்கேயோ ஒரு ஒழுங்கைக்குள் விட்டுவிட்டு நடந்து போவோம். கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும், ஆகவே திறப்பு வேட்டி மடிக்குள் போய்விடும். அங்கே வியர்வையில் ஊறிவிட்டு வந்த திறப்பை அழுத்தினால் கார் வாய் திறக்காது. உடனே கராஜ்காரருக்குப் போன்.

காருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திறப்புக்குள் இரண்டு வேலைக்காரர் இருக்கிறார்கள். கதவைப் பூட்டித் திறக்கும் ரேடியோவுக்குப் பற்றறி வேண்டும். காரை ஸ்டார்ட் பண்ண அனுமதி கொடுக்கும் சிப்புக்குப் பற்றறியே வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானுக்குக் கிட்டக் கொண்டுபோனால் காரிலிருந்தே அதற்கு மின் கிடைக்கும். ஆகவே, திறப்பின் ஓரத்திலுள்ள சின்னக் கொளுக்கியைத் தள்ளி உள்ளே இருக்கும் இரும்புத் திறப்பை இழுங்கள். சாரதிக் கதவில் அதற்குத் துவாரம் இருக்கும். சில கார்களில் மூடிக்குள் ஒளிந்திருக்கும். கதவு திறந்ததும் அலாரம் கத்தலாம், பதற வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு திறப்பை ஸ்டார்ட் பொத்தானில் முட்டுங்கள். அக்வா, விட்ஸ் போன்ற டொயோட்டாவென்றால் சின்னம் உள்ள பக்கம் முட்டவேண்டும். 'பீப்' கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள். இதை ஒருநாள் வீட்டு முற்றத்தில் நின்று பழகிவிடுவது நல்லது. இருட்டு ஒழுங்கையில் துவாரம் தேடுவது பெரிய பாடு.

பற்றறி மாற்றும்போது, "இதுவும் போகும் அண்ணை" என்று கடைக்காரர் தருவதை வாங்காதீர்கள். பற்றறியில் உள்ள இலக்கம் 2032 என்றால் 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. 2025 அதே அகலம்தான், தடிப்பு 2.5. மெல்லிய இடத்தில் தடித்ததைத் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும். பழைய பற்றறியை மேசையில் விட்டுவிடவும் கூடாது. குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும்.

கசூரினாக் கடலில் திறப்போடு இறங்கிவிட்டீர்களா? வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுதான் பிழை. முதலில் பற்றறியைக் கழற்றி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு புதுப் பற்றறி போடுங்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. மச்சானை யாழ்தேவியில் ஏற்றிவிட ஸ்டேசனுக்குப் போனோம். அவர் காரை ஓடவிட்டபடியே இறங்கினார், திறப்பு அவரின் சேட்டுப் பைக்குள். தங்கச்சி காரை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். கார் 'பீப் பீப்' என்றது. சீற் பெல்ற்றுக்குத்தான் கத்துகிறது என்று நினைத்தோம். ஓடுகிற கார் திறப்பு இல்லையென்று நடுவழியில் நின்றுவிடாது. கொக்குவிலில் கடைக்கு நிறுத்தி ஓஃப் பண்ணினாள், அதோடு சரி. திறப்பு அடுத்த நாள் பஸ்ஸில் திரும்பி வந்தது. ஹைபிரிட் கார்க்காரருக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும், சத்தமே இல்லாததால் கார் ஓஃப் என்று நினைத்து இறங்கிப் போய்விடுவார்கள்.

பொத்தானால் ஸ்டார்ட் ஆகும் காரின் ஸ்மார்ட் திறப்பைப் போர்ட்டிக்கோச் சுவரின் உட்பக்க ஆணியில் மாட்டாதீர்கள். காருக்குக் கிட்ட இருந்தால் இரண்டும் ஓயாமல் பேசிப் பேசிப் பற்றறியைத் தின்னும். சில மீற்றர் தள்ளி வையுங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அதனால் எங்கள் ஊரில் ஓடுவதில் கனக்கப் பழைய ஜப்பான் கார்கள், பலதுக்கு ஒரேயொரு திறப்பு. அது கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவிடுங்கள். உள்ளதும் தொலைந்தபின் செய்தால் செலவு பல மடங்கு. மலிவென்று பழைய திறப்பு வாங்குவோர் கவனம்: இன்னொரு காரில் பதிந்த ஸ்மார்ட் திறப்பு பலவேளை உங்கள் காரில் அப்படியே பதியாது. காசு கொடுக்க முன் அதைக் கேளுங்கள்.