ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விவரம் எழுதுவது எப்படி: ஒரு டைல்ஸ் பட்டறைக் கணக்கு

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளுக்குப் பதில் சொல்ல ஏஐ ஏஜென்ட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் தன் வேலைக்காக அழைக்கும் சிறு புரோகிராம்தான் டூல்: இருப்புப் பார்க்க ஒன்று, விலை சொல்ல ஒன்று, ஆர்டர் பதிய ஒன்று. டூலின் உள்ளே ஓடும் புரோகிராமை மாடல், அதாவது ஏஜென்ட்டின் மூளையான ஏஐ, பார்ப்பதில்லை. டூலின் பெயர், விவரம், பாராமீட்டர் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற பட்டியல்), இந்த மூன்றுதான் அதன் கண்ணில் படும்.

பெயரில் வேலையும் பொருளும் இருக்கட்டும்: ‘ஸ்டாக்’ போதாது, ‘செக்_டைல்_ஸ்டாக்’ சரி. முன்னணி ஏபிஐகள் (மாடலோடு புரோகிராமை இணைக்கும் வழிகள்) பெயரில் இடைவெளியையோ தமிழ் எழுத்தையோ ஏற்பதில்லை; இங்கே தமிழில் காட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். விவரத்தைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

அதிகம் சறுக்குவது பாராமீட்டரில்தான். ‘அளவு’ என்று ஒரு எண் கேட்கிறீர்கள். வாடிக்கையாளரோ, “ஹால் 100 சதுர அடி, 10 இன்ச் டைல் வேணும்” என்கிறார். மாடல் எதைப் போடும், 100ஆ, 10ஆ? 100 சதுர அடிக்கு 8 இன்ச் டைல் 225, 10 இன்ச் 144, 12 இன்ச் 100 தேவை. பரப்பையே எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் 10 இன்ச்சில் 44 டைல் குறையும். எரர் எதுவும் வராது. 12 இன்ச்சை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

ஆகவே யூனிட்டைப் பெயரிலேயே வையுங்கள்: ‘டைல்_சைஸ்_இன்ச்’, ‘பரப்பு_சதுர_அடி’. முதலாவதற்கு 8, 10, 12 மட்டுமே செல்லும் என்று ஸ்கீமாவில் கட்டிப்போடுங்கள். பரப்பை எண்ணிக்கையாக்கும் கணக்கை மாடலிடம் விடாமல் புரோகிராமே போடட்டும்.

அடுத்தது, திரும்பி வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பது. ஆத்தங்குடி டைலைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, உலர்த்தி எடுக்கிறார்கள். ‘இருப்பு 600’ என்றால் தொட்டியில் கிடப்பதும் சேர்ந்ததா? சொல்லாவிட்டால், “நாளைக்கே லாரியில் ஏற்றலாம்” என்று ஏஜென்ட் வாக்குக் கொடுத்துவிடும்.

‘ஸ்டாக் பார்க்கும்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

“ஒரு டிசைனில், ஒரு சைஸில், உலர்ந்து அனுப்பத் தயாராக உள்ள டைல்களின் எண்ணிக்கையைத் தரும். தொட்டியில் ஊறுபவை சேராது. டிசைன் எண் தெரிந்தால் மட்டும் அழைக்கவும். பூ, நிறம் மட்டும் சொன்னால் முதலில் ‘சர்ச்_டிசைன்’ அழைக்கவும். 0 என்றால் இருப்பு இல்லை. அந்த எண்ணில் டிசைனே இல்லையென்றால் எரர் வரும்.”

எப்போது அழைக்கக் கூடாது என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு டூல்கள் குழம்பினால் எல்லையை இரண்டிலும் எழுதுங்கள்.

எரர் செய்தியும் விவரத்தின் ஒரு பகுதிதான். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வந்தால் மாடல் அதே உள்ளீட்டையே திரும்ப அனுப்பக்கூடும். ‘சைஸ் 9 இல்லை, 8, 10, 12 மட்டும். வாடிக்கையாளரிடம் கேட்கவும்’ என்றால் திருத்திக்கொள்ளும்.

ஆர்டர் பதியும் டூலில், ‘எண்ணிக்கை, விலை இரண்டையும் வாடிக்கையாளர் உறுதி செய்த பிறகே’ என்று எழுதுங்கள். எழுத்தை மட்டும் நம்பாமல் புரோகிராமிலும் தடுப்பு வையுங்கள்.

பிறகு, உண்மையில் வந்த 20 விசாரணைகளை ஓட்டி, லாகை (எந்த டூலை எப்படி அழைத்தது என்ற பதிவை) பாருங்கள். தவறியதற்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, 20ஐயும் மறுபடி ஓட்டுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று பிடிபடாது.